நாற்பத்தொன்றின் விதை

சுரண்டியக்கா கழுவி வைத்த குடுவையைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவு சுத்தம். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர், மேஜை காலியாக இருக்கிறதென்று நினைத்துத் தன் தொப்பியைக் கழற்றி வைத்தார். தொப்பி அந்தரத்தில் நின்றது. அவர் அலறிய அலறலில் கீழ்த்தளத்தில் மூன்று எலிகள் மயங்கி விழுந்ததாக, அவற்றை வளர்க்கும் எலிக்காரர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். எலிக்காரர் சத்தியத்தில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதியைத் தாராளமாக நம்பலாம்.

ஆனால் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது கழுவுவதால் அல்ல, சுரண்டுவதால்.

அவள் வேலை பார்த்தது ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தின் இரண்டாவது மாடியில். அங்கே புதுப் பொருள் எதைச் செய்தாலும் முதலில் அது பாகாகத்தான் வந்து நிற்கும். குடுவையைச் சாய்த்தால் சோம்பேறி மாதிரி மெல்ல நகரும். பாகை நம்பி எந்தக் காரியமும் செய்ய முடியாது. அழுக்கெல்லாம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், மாத்திரையாக அழுத்தினால் அச்சில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். அது படிகமாக உறைந்தால்தான் அழுக்கை வெளியே தள்ளிவிட்டுச் சுத்தப் பொடியாகக் கைக்கு வரும். உறைய வைக்க ஒரு பழைய வழி இருக்கிறது. கண்ணாடிக் கோலால் குடுவையின் உள்சுவரைச் சுரண்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலில் முதல் படிகம் காலூன்றும், மற்றதெல்லாம் அதன் மேல் தொற்றிக்கொண்டு ஏறும். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள் அரை நாள் சுரண்டித் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். அக்கா வருவாள், கோலை வாங்குவாள், ‘கிரீச் கிரீச்’ என்று ஐந்து நிமிடம். குடுவைக்குள் வெள்ளை பூத்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அப்படி ஒரு கைராசி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அடுத்த அறைக்காரர்களுக்குப் பல் கூசிப்போய், இப்போதெல்லாம் யாரும் புளிப்பே சாப்பிடுவதில்லை.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். அவள் புருஷன் அவளை ‘மருந்துக்காரி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒரு காலத்தில் நின்றுபோன கைக்கடிகாரத்தோடு அவர் கடை வாசலில் போய் நின்றவள்தான் அக்கா. சாவி கொடுக்க மறந்ததைத் தவிர அந்தக் கடிகாரத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. கடிகாரக்காரர் அதைச் சொல்லாமல் அவளை நான்கு தடவை வரவழைத்தார். நான்காவது தடவை உண்மையைச் சொன்னார். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

பல வருஷம் கழித்து அவர் விரல்களில் வினை வந்து உட்கார்ந்தது. மூட்டுக்கு மூட்டு வீக்கம். காலையில் எழுந்தால் கையை மடக்க ஒரு மணி நேரம் ஆகும். உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்துக்கொண்டு அடிக்கப் போகிற வியாதி அது. டாக்டர் அதை அழற்சி என்றார். கடிகாரக்காரர் ‘உள்நாட்டுக் கலவரம்’ என்றார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், கலவரம் அடங்கியது. ஆனால் கலவரத்தை அடக்க வந்த படை ஊரை விட்டுப் போகவில்லை. அங்கேயே கூடாரம் போட்டுக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்ட ஆரம்பித்தது. முகம் உப்பி வட்டமானது. தோல் காகிதமாக மெலிந்தது. எலும்பு உள்ளுக்குள்ளே கரைந்தது. ஒரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டார், விலா எலும்பு ஒன்று முறிந்துபோயிற்று.

“தும்மியே எலும்பை முறிச்ச ஆளு இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான்,” என்று கட்டோடு உட்கார்ந்துகொண்டு பெருமை பேசினார்.

“வாயை மூடிக்கிட்டுத் தும்முங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” என்றாள் அக்கா. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவினாள். அழ வேண்டியிருந்தால் அவள் பாத்திரம் கழுவுவாள். அந்த வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் வியாதி வந்த ஒன்பது வருஷத்தில் கால்வாசி தேய்ந்துபோயின.

ஆய்வுக்கூடத்தில் அவள் குழு செய்த வேலையே இந்தப் படையைப் பற்றியதுதான். கலவரத்தை அடக்கிவிட்டு, எதையும் தொடாமல் வீட்டுக்குத் திரும்பிப் போகிற ஒரு ஸ்டீராய்டு வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம்.

ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே கடைப் பில்லின் பின்பக்கத்தில் கடிகாரக்காரருக்குப் படம் போட்டுக் காட்டினாள். ஆறு மூலை அறை மூன்று, ஐந்து மூலை அறை ஒன்று, ஒன்றோடொன்று சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு.

“எல்லா ஸ்டீராய்டும் இந்த நாலு அறை வீடுதாங்க. நீங்க சாப்பிடுறதும் இதேதான். நாங்க சுவரை இடிக்கிறதில்ல. கதவை மாத்துவோம், ஜன்னலை மாத்துவோம், மூலையில ஒரு கொடிக்கம்பம் நட்டுப் பார்ப்போம்.”

“இதுவரைக்கும் எத்தனை வீடு கட்டியிருக்கீங்க?”

“நாப்பது.”

“நாப்பதுலயும் படை போகமாட்டேங்குதா?”

“சிலதுல படையே வரமாட்டேங்குது.”

கடிகாரக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். “அந்தக் கடைசிச் சின்ன அறையில ஏதாவது பண்ணிப் பாருங்களேன். பல்சக்கரத்துல பல்லு கோளாறுன்னா அநேகமா ஓரத்துலதான் இருக்கும்.”

அவர் சொன்னதால்தான் நாற்பத்தொன்று பிறந்தது என்று சொன்னால் வேதியியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். குழுத் தலைவர் தாடி சார் அதே சின்ன அறையின் ஓரத்தில் ஒரு கொக்கி மாட்டுவதற்கு ஏற்கெனவே திட்டம் போட்டிருந்தார். ஆனால் அக்கா அதைக் கடைசிவரை கடிகாரக்காரரிடம் சொல்லவில்லை.

தாடி சாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காவை விடப் பத்து வயது சின்னவர், அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவர். அவர் தாடி நெஞ்சுவரை இறங்கும். அதில் காணாமல் போன பேனா மூன்று நாள் கழித்து, எழுதிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கிடைத்ததாகச் சொல்வார்கள்.

நாற்பத்தொன்றை முதலில் கொஞ்சமாகத்தான் செய்தார்கள், ஒரு தேக்கரண்டி அளவு. அக்கா சுரண்டினாள், உறைந்தது. பனித்தூள் மாதிரி வெள்ளை. அது பாதம் வீங்கிய எலிகளுக்குப் போயிற்று. ஆறு வாரம் கழித்து எலிக்காரர் இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்தார். எலிகளுக்குத் தீனி, படுக்கை, தாலாட்டு எல்லாம் அவர் பொறுப்பு.

“அக்கா! பாதம் வத்திப்போச்சு! எலும்பு வைரமாட்டம் அப்படியே இருக்கு! ஒருத்தன் சக்கரத்துல ஏறி ஓடுறான், இறங்கவே மாட்டேங்கிறான். கால் வலிக்கும்டா, இறங்குடான்னு கெஞ்சிட்டு வர்றேன்!”

தாடி சார் கண்ணாடியைக் கழற்றித் தாடியிலேயே துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அக்கா தன் வாழ்நாளின் ஒரே திருட்டைச் செய்தாள்.

ஒரு பொருள் எத்தனை சூட்டில் உருகுகிறது என்று பார்க்க, ஈர்க்குப் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் துளிப் பொடியை அடைத்துச் சூடாக்குவார்கள். அக்கா எப்போதும் மூன்று குழாய் அடைப்பாள். இரண்டு சோதனைக்கு, ஒன்று கைக்காவலுக்கு. வேலை முடிந்ததும் மூன்றாவது குழாய் உடைந்த கண்ணாடித் தொட்டிக்குப் போய்விடும். அன்றைக்கு அது அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போயிற்று, இரண்டு முனையும் தீயில் உருக்கி மூடப்பட்டு. வாசலில் தொங்கிய பலகையை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ‘இங்கு உருவாகும் எந்தப் பொருளும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பணிநீக்கம்.’ அதன் கீழே கையெழுத்துப் போட்டவர்களில் முதல் கையெழுத்து அவளுடையது. அதுவரை ஒரு ரப்பர் பேண்டைக் கூட அவள் வெளியே கொண்டுபோனதில்லை.

அவருக்கு ஒரு தடவை கண்ணில் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நோக்கம் எதுவுமில்லை.

கடிகாரக்காரர் ஜன்னலோர மேஜையில் கறுப்பு வெல்வெட்டுத் துணியை விரித்தார். குழாயை அதில் வைத்தார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“எல்லாம் ஊசி ஊசியா இருக்கு, மருந்துக்காரி. ஒவ்வொண்ணுக்கும் பட்டை தீட்டியிருக்கான். யாரு தீட்டினது?”

“அதுவா தீட்டிக்கும்.”

“இதைச் சாப்பிட்டா என் விரல் மடங்குமா?”

“எலிக்கு மடங்கிச்சு.”

“நான் எலிக்கு எந்த விதத்துலடி குறைஞ்சு போயிட்டேன்?”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “விளையாடாதீங்க. மனுஷ உடம்புல இது என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்கவே இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். குடுங்க இப்படி.”

“இருக்கட்டும். தொடமாட்டேன். பார்த்துக்கிறேன், அவ்வளவுதான்.”

வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அவருடைய உதிரிபாகப் பெட்டியில் அறுபது குட்டி அறைகள் உண்டு. திருகாணிக்கு ஒன்று, முள்ளுக்கு ஒன்று, பல்சக்கரத்துக்கு ஒன்று. ஓரத்து அறை ஒன்றைக் காலி பண்ணி, பஞ்சு வைத்து, குழாயைப் படுக்க வைத்து, கோணல் எழுத்தில் ‘41’ என்று சீட்டு ஒட்டினார்.

ஏழு மாதம் கழித்து நாற்பத்தொன்றைப் பெரிய அளவில் செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. முதலில் செய்த தேக்கரண்டிப் பொடியில் ஒரு துகளும் மிச்சமில்லை. எலிகளுக்குப் போனது போக, அத்தாட்சிக்கென்று வைத்த சிட்டிகையையும் வேறொரு சோதனைக்குக் கரைத்தாயிற்று. பரவாயில்லை, மறுபடி செய்தால் போகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். செய்தார்கள். பெரிய குடுவை நிறையப் பொன்னிறப் பாகு வந்து நின்றது. தாடி சார் கோலை இரண்டு கையாலும் ஏந்தி, பரிசு கொடுப்பது மாதிரி அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா சுரண்டினாள். ஐந்து நிமிடம். அரை மணி. சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. பாகு பாகாகவே இருந்தது.

ஐஸில் வைத்தார்கள். கரைப்பானை மாற்றினார்கள். குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் போட்டு வைத்தார்கள். அது தேன் மாதிரி ஒளிர்ந்துகொண்டு சும்மா இருந்தது.

இயக்குநர் மேடம் வந்து பார்த்தார். சின்ன உருவம், சின்னக் குரல், யாரிடமும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிராத குரல். “அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். அங்கே நான் பொடின்னு சொல்லணும். பாகுன்னு சொன்னா நாற்பத்தொன்றை மூடிடுவாங்க. பக்கத்துக் குழுவோட மருந்து ஏற்கெனவே பொடியா வரிசையில நிக்குது.”

“அதுல எலும்பு கரையுதே மேடம்,” என்றார் தாடி சார்.

“கரையுது. ஆனா மாத்திரையா அழுத்த முடியுது.”

இந்தச் சமயத்தில்தான் எலிக்காரர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். தாடி சாருக்குத் தாடி இல்லை. புது விதிப்படி முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும் என்று சொல்லி, போன மாதம்தான் மழித்திருந்தார். முதல் தடவை உறைந்தபோது தாடி இருந்தது, இப்போது உறையவில்லை, தாடி இல்லை. பழைய படிகத்தின் தூசி ஒன்று விழுந்தால் போதும், பாலுக்கு உறை குத்தியது மாதிரி மொத்தமும் கட்டிக்கொள்ளும். அந்தத் தூசி தாடியில்தான் குடியிருந்திருக்க வேண்டும்.

“மழிச்ச தாடியை என்ன சார் பண்ணீங்க?”

“குப்பையில போட்டேன்.”

“போட்டுட்டீங்களா!” எலிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சொத்தையே தொலைத்தவரைப் பார்ப்பது மாதிரி தாடி சாரைப் பார்த்தார்கள். அவருடைய பழைய கோட்டைக் குடுவைக்கு மேலே பிடித்து உதறிப் பார்த்தார்கள். ஒரு ரொட்டித் துணுக்கு விழுந்தது. அதை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

எல்லாரும் சிரித்துக் களைத்துப்போன நேரத்தில் அக்கா கழுவுதொட்டி அருகே ஈரக்கையோடு நின்றாள். தாடியின் மேல் பழி போடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் உண்மையான குற்றவாளி யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற ஆய்வுக்கூடங்களில் பழைய பொருளின் தூசி மேஜை இடுக்கில் இருக்கும், மூடியின் திருகில் இருக்கும், அலமாரித் தட்டில் இருக்கும், காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். முதல் தடவை வெறும் கீறலில் உறைந்தது அதிர்ஷ்டம், அதற்கப்புறம் அந்தத் தூசிதான் தானாக விழுந்து உறைய வைக்கும். இங்கே எங்கே இருக்கும்? ஏழு மாதமாக ஒரு மூலை விடாமல் அவள்தானே துடைத்திருக்கிறாள். உலகத்தில் இருந்த நாற்பத்தொன்றின் கடைசித் துகள் வரை அவளே தேடித் தேடிக் கழுவி விட்டிருக்கிறாள்.

கடைசித் துகள் வரையா? அக்காவின் கையிலிருந்த தூரிகை நின்றது. ஒரே ஒரு இடத்தில் அவள் கை படவில்லை.

அன்று சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஜன்னலோர மேஜைக்குப் போனாள். “என்னங்க, அந்தக் குழாயை எடுங்க.”

கடிகாரக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எந்தக் குழாய்?”

“நாப்பத்தொண்ணு.”

“அதைச் சாப்பிட்டுட்டேன்.”

அக்கா நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் கடிகாரக்காரருக்குப் பயம் வந்துவிட்டது.

“கண்ணாலடி! கண்ணாலதான் சாப்பிட்டேன்! தினமும் ஒரு வேளை. இதோ இருக்கு பாரு.” பெட்டியின் ஓரத்து அறையைத் திறந்தார். பஞ்சுக்குள் குழாய் அப்படியே படுத்திருந்தது.

“உங்களை…” என்று ஆரம்பித்த அக்கா பெட்டியின் மேல் குனிந்து, குழாயின் இரண்டு முனையும் மூடியே இருக்கிறதா என்று பார்த்தாள்.

அவராகவே மேலும் பேசினார். குரலில் விளையாட்டு இல்லை. “முழுப் பொய்யும் இல்ல. விலா முறிஞ்சுது பாரு, அதுக்கப்புறம் ஒரு நாள் நீ வேலைக்குப் போனதும் எடுத்தேன். உடைச்சு நாக்குல தட்டிக்கலாம்னுதான் எடுத்தேன். மூணு தடவை பிடிச்சேன். மூணு தடவையும் விரல் மடங்காம நழுவித் துணியில விழுந்துச்சு. இத்துனூண்டு கண்ணாடி, அதை உடைக்கக் கூட என்னால ஆகல. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்து உள்ள வச்சிட்டேன். விரல் நல்லா இருந்திருந்தா அன்னிக்கே போயிருக்கும்.”

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீங்கிய கணுக்களை ஒவ்வொன்றாக, குடுவையின் கழுத்தைத் துடைக்கிற மாதிரி, மெல்லத் தடவினாள். பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“அவ்வளவுதானே,” என்றார் கடிகாரக்காரர். “நாளைக்குக் கமுக்கமா கொண்டு போ. யாரும் இல்லாதப்போ போட்டுடு. போட்டுட்டு ரெண்டு தடவை சுரண்டு. உன் கைராசின்னு தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க.”

“அப்படிச் செய்ய முடியாதுங்க. இனிமே செய்யப்போற ஒவ்வொரு பொடிக்கும் இதுதான் தாய். நாளைக்கு அது மனுஷங்க வாய்க்குள்ள போகப்போவுது. தாய் எங்கே இருந்தா, கடிகார எண்ணெய் பக்கத்துல எத்தனை நாள் கிடந்தான்னு எழுதணும். எழுதினா எப்படி வெளியே போச்சுன்னும் எழுதணும்.”

“எழுதினா வேலை போயிடுமே.”

“போயிடும்.”

அந்த வீடு ஓடுவது அவள் கையால்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கடிகாரக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் யாரோ போர்வை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“வேலை போச்சுன்னா உங்க கடையில சேர்த்துக்குவீங்களா?” என்றாள் அக்கா.

“நீ கடிகாரத்தையும் சுரண்டுவியே,” என்றார் அவர். பிறகு குட்டிச் சாமானைக் கவ்வும் சாமணத்தை எடுத்தார், வைத்தார். “நீயே எடுத்துக்கோ. நான் எடுத்தா விழுந்துடும்.”

மறுநாள் வியாழக்கிழமை. அக்கா வெல்வெட்டுத் துணியில் சுற்றிய குழாயைத் தாடி சார் மேஜையில் வைத்து, ஒன்று விடாமல் சொன்னாள். புருஷன் உடைக்கப் பார்த்ததையும் சொன்னாள். சார் இல்லாத தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“என்கிட்ட சொல்லாமலே நீங்க குடுவையில தட்டியிருக்கலாம் அக்கா.”

“தட்டியிருக்கலாம் சார். அப்புறம் நோட்டுல என்ன எழுதுறது? ‘சுரண்டினேன், உறைஞ்சுது’ன்னா? நாளைக்கு வேற எங்கேயோ ஒருத்தி அதைப் படிச்சிட்டு வருஷக்கணக்கா சுரண்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. என் பொய்க்கு அவ தோள் ஏன் வலிக்கணும்?”

சார் நோட்டைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தேதி போட்டு எழுதினாள்: குழாய் வெளியே போன நாள், இருந்த வீடு, இருந்த பெட்டி, பக்கத்து அறைகளில் என்னென்ன இருந்தன. கடைசியில் கையெழுத்து. எழுதிய பிறகுதான் குழாயை உடைத்தார்கள்.

குடுவையின் வாய்க்கு மேலே அவள் விரலால் ஒரு தட்டு. துகள் விழுந்தது விழுந்தபடி பாகின் மேல் நின்றது, கரையவில்லை. எலிக்காரர் மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் துகளைச் சுற்றிக் கண்ணாடியில் ஊதிய ஆவி மாதிரி ஒரு மங்கல். மங்கலின் ஓரத்திலிருந்து ஒரு ஊசி நீண்டது. அதிலிருந்து இன்னொன்று. பிறகு யாராலும் எண்ண முடியவில்லை, பொன்னிறத்துக்குள் வெள்ளை ஓடியது, பரவியது, சுவரைத் தொட்டது. குடுவையின் அடியைத் தாங்கியிருந்த அக்காவின் உள்ளங்கையில் இளஞ்சூடு தட்டியது. உறையும்போது பொருள் தன் சூட்டை வெளியே விடும். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான், எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியில் கை வைத்தவள் மாதிரி நின்றாள்.

“கட்டிக்கிச்சு!” என்று எலிக்காரர் போட்ட கூச்சலில், கீழே அந்தப் பழைய மூன்று எலிகளும் மயக்கம் தெளிந்து எழுந்தன.

இயக்குநர் மேடம் நோட்டுப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு அக்காவை உட்காரச் சொன்னார்.

“வீட்டுல யாரும் சாப்பிடலையே?”

“இல்ல மேடம். குழாய் மூடின மேனிக்கு இருந்துச்சு.”

“சாப்பிட்டிருந்தா?”

அந்தக் கேள்வியைத்தான் அக்கா முந்தின இரவு முழுக்கப் பாத்திரத்தோடு கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீங்க செஞ்சது தப்பு,” என்றார் மேடம். “நீங்களே வந்து எழுதினதால வேலையை எடுக்கல. ஒரு மாசம் வீட்டுல இருங்க. திரும்பி வந்தப்புறம் வேற குழு. நாற்பத்தொன்றை இனிமே நீங்க தொடக் கூடாது. இதை என்னால மாத்த முடியாது.”

“சரிங்க மேடம்.”

கதவுவரை போனவளை மேடம் கூப்பிட்டார். “உங்க வீட்டுக்காரர் கை இப்போ எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு மேடம்.”

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேடம் ‘பொடி’ என்று சொன்னார். அக்கா அப்போது வீட்டில் இருந்தாள்.

அந்த ஒரு மாதம் கடிகாரக்காரர் கடையில் வேலை நடந்தது. அவர் லென்ஸ் வழியாகப் பார்த்துச் சொல்லுவார், அவள் சாமணத்தால் செய்வாள். “இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். அய்யய்யோ, சுரண்டாதேடி, இது கடிகாரம்!” அந்த மாதம் அவள் பூட்டிய சுவர்க்கடிகாரம் ஒன்று இன்றைக்கும் ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் பின்னோக்கி ஓடுகிறது. அதன் சொந்தக்காரருக்கு வருஷா வருஷம் வயது குறைந்துகொண்டே வருகிறது. அவர் புகார் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று மாத்திரை அழுத்தும் பெரிய கட்டிடத்துக்குப் போயிற்று. இப்போது மனிதர்களிடம் சோதனை நடக்கிறது, முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம். மாத்திரையாகக் கடைக்கு வருமா, வந்தாலும் எப்போது வரும், எவருக்கும் தெரியாது. கடிகாரக்காரர் பழைய மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார், எலும்புக்கென்று இன்னும் இரண்டு மாத்திரையும் சேர்த்து. வாயை மூடிக்கொண்டு தும்முகிறார். அக்கா வேறு மாடியில் வேறு பாகைச் சுரண்டுகிறாள். ஆனால் இப்போது எந்தப் பொருள் உறைந்தாலும் ஒரு சிட்டிகையைப் புட்டியில் மூடி, சீட்டு ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் மேஜையைத் துடைக்கிறாள்.

சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும் கடிகாரக்காரர் கேட்பார், தினமும்: “இன்னிக்கு என்ன கொண்டு வந்தே?”

அவள் இரண்டு கையையும் விரித்து நீட்டுவாள். அவர் லென்ஸை இடுக்கிக்கொண்டு, வீங்கிய விரல்களால் அவள் கையைப் பிடித்து, நகக்கண், விரலிடுக்கு, ரேகை என்று ஒன்று விடாமல் பல்சக்கரம் பார்க்கிற மாதிரி பார்ப்பார்.

“ஒண்ணுமில்ல. சுத்தமோ சுத்தம்.”

“கழுவிட்டுத்தான் வந்தேன்.”

“அதானே கெட்டுது. ஒரு துளியாவது ஒட்டியிருக்கும்னு பார்த்தேன்.” சொல்லிவிட்டும் கையை விடமாட்டார்.

பெட்டியில் ஓரத்து அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, பஞ்சும் ‘41’ சீட்டும் அப்படியே. ஒரு நாள் துடைக்கும்போது, இடம் தெரியாத திருகாணி ஒன்றை அக்கா அதில் போட்டுவிட்டாள். கடிகாரக்காரர் சாமணத்தை எடுத்தார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவியது. அவள் உதவிக்குக் கை நீட்ட, வேண்டாம் என்று தலையசைத்தார். மூன்றாவது தடவை திருகாணியைத் தூக்கிப் பக்கத்து அறையில் போட்டார்.

“அதுல போடாதே,” என்றார். “அங்கே ஆள் வரவேண்டியிருக்கு.”